லைன் பேச்சு

நான் வாயாடி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்றே என் மாமனார், "புள்ள நல்லாப் பேசுதுங்க" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னாராம். அது பாராட்டா குறையா என்று அப்பாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. இப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு பெண். அவள் ஐந்து முடிந்து ஆறு நடக்கும்போது பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். வாயாடிக்குப் பிறந்த ஊமை என்று ஊரில் சிரித்தார்கள். அவள் ஊமை இல்லை. அவளுக்கு ஒரு பாஷை இருந்தது. அந்தப் பாஷையைப் பேச எங்கள் ஊரில் இன்னொரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போனோம். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மாமனாருக்குக் காடு தோட்டம் இருந்தது, கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீர் மட்டும் இல்லை. மழை ஏமாற்றிய வருஷங்கள் அவை. கவலை கட்டித் தண்ணீர் இறைக்கிற மாடுகள் வேலையில்லாமல் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் இளைய மகன். "அண்ணன் இருக்குதுங்க, காட்டைப் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே காரை கலக்கும் எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. நான் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பேச ஆள் இல்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காரைச் சட்டி சுமக்கிற பெண்களோடு நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். மாமனார் அறிந்தால் தலையில் அடித்துக்கொள்வார் என்று தெரியும். அறியட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எங்களுக்கு விட்டிருந்த வீடு தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகையில் ஒரு தடுப்பு. லைன் வீடு என்பார்கள். ஒரு பக்கம் கல் உடைக்கிற தெலுங்குக் குடும்பங்கள். அதற்கு அடுத்து கொள்ளேகால் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியோடு வந்த கன்னடக்காரர்கள். எங்களுக்கு நேர் எதிரே மலையாளத்துத் தச்சர் ஒருவர் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தார். கோடியில் இந்துஸ்தானி பேசுகிற ஒரு கொல்லர் வீடு. தமிழ் பேச நானும் இன்னும் சிலரும். தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் பெண்கள் கூடினால் கையாலும் கண்ணாலும்தான் பேச்சு. குடம் நிறைந்துவிட்டது என்பதற்கு ஒரு கை, உன் புருஷன் குடித்துவிட்டு வந்தானா என்பதற்கு ஒரு கண். எனக்கு அதுவே போதவில்லை. ஆனால் யாரும் யாருடைய பாஷையையும் கற்றுக்கொள்ளவில்லை. உடம்பு அசந்து வந்து விழுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் எங்கே தெம்பு?

காலைச் சங்கு ஊதியதும் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். சாயங்காலச் சங்குக்குத்தான் திரும்புவோம். அதுவரை லைன் பிள்ளைகள் எல்லாம் ஒரு கொட்டகையடியில் ஒன்றாகக் கிடக்கும். கைக்குழந்தைகள் தூளியில், கொஞ்சம் வளர்ந்த பெண்கள் தூளியை ஆட்டிக்கொண்டு. என் பெண் உட்காரத் தெரிவதற்கு முன்பே அந்தக் கொட்டகைக்குப் போனவள். நான் அவளோடு இருந்ததெல்லாம் இருட்டின பிறகு சோறு ஊட்டுகிற நேரமும், பக்கத்தில் படுத்து அவளுக்கு முன்னால் நானே தூங்கிப்போகிற நேரமும்தான்.

ஒருநாள், அவளுக்கு மூன்று வயது இருக்கும், கொட்டகைக்குள் போய் அவளைத் தூக்கினேன். அவள் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. மழலை என்று நினைத்து, "என்ன சாமி? இன்னொருக்கா சொல்லு" என்றேன். அதையே அட்சரம் மாறாமல் மறுபடியும் சொன்னாள். மழலை அப்படித் திரும்ப வராது. நான் முழிக்கிறதைப் பார்த்துக் கல் உடைக்கிற வீட்டுச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் வந்து, அதே வார்த்தைகளை எனக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். அப்போதும் புரியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அட, இதுகள் நமக்குத் தெரியாமல் ஒரு பாஷையே வைத்திருக்கிறதே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு காதை அங்கே வைக்க ஆரம்பித்தேன். வார்த்தைகளை எல்லார் வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருந்தார்கள். தண்ணீருக்குப் பானி, அது கொல்லர் வீட்டுச் சொல். சோறு பூவா, அது தெலுங்குக் குழந்தைகள் கொண்டுவந்தது. போ என்பதற்கு ஜா. நீ என்பதற்கு நூ. கல் என்பது கல்தான். நிறையக் கல் என்றால் கல்கல். வார்த்தையைக் கடன் வாங்குவது பெரிய காரியமில்லை, அதை நானும் செய்வேன். ஆனால் அந்த வார்த்தைகளை அவர்கள் கோத்த விதம் எந்த வீட்டுப் பெரியவர்களிடமும் இல்லாதது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாங்கள் கல்லையும் காரையையும் வைத்து அங்கே ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அதுகள் இங்கே இதைக் கட்டியிருந்தன.

நான் அஞ்சாங் கிளாஸ் வரை படித்தவள். பெயர்ச்சொல் வினைச்சொல் என்று வாத்தியார் பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்தது கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில், எனக்குத் தெரிந்த வரைக்கும் அதன் இலக்கணத்தைச் சொல்கிறேன். ஒரு காரியம் முடிந்துவிட்டால் கடைசியில் ஆய் என்று போடுவார்கள். நடக்கவில்லை என்றால் லே. பூவா தின் ஆய் என்றால் சோறு தின்றாயிற்று. பூவா தின் லே என்றால் இன்னும் தின்னவில்லை. ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது என்றால் அதற்குத் தனிச் சொல் கிடையாது, வினைச்சொல்லை இழுப்பார்கள். அம்ம வா என்றால் அம்மா வருவாள். அம்ம வாஆ என்றால் அம்மா வந்துகொண்டிருக்கிறாள். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு நீளம் இழுக்க வேண்டும். குழாயடியில் வருகிறவளுக்குச் சின்ன இழுப்பு. அணைப் பக்கத்துச் சரிவில் இறங்குகிறவளுக்கு மூச்சு முட்டுகிற வரைக்கும் இழுப்பு.

மிகவும் என்பதற்கு அவர்கள் சொல் டம். பாறைக்கு வெடி வைக்கும்போது கேட்கிற சத்தம் அது. டம் பசி, டம் சூடு. வாயால் சொன்னால் மட்டும் போதாது. டம் என்று சொல்லும்போது இரண்டு கையும் காதைப் பொத்தப் போகும், வெடிச் சத்தத்துக்குப் பொத்துகிற மாதிரியே. கையைத் தூக்காமல் டம் சொன்ன ஒரு சின்னக் குழந்தையை மற்றதுகள் நிறுத்தித் திருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்க வேண்டுமானால் கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ட்ளக் என்று ஒரு சத்தம். வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தது. அவர்கள் அப்பா மாட்டை ஓட்டுகிற சத்தம். நானும் குழாயடியில் யாரும் இல்லாதபோது அந்தச் சத்தத்தைப் பழகிப் பார்த்தேன். எனக்கு எச்சில்தான் தெறித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய ழ. தச்சர் வீட்டுப் பிள்ளை வாயில் அந்த எழுத்து எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. யாரிடமாவது கெஞ்ச வேண்டுமென்றால், தாஜா பண்ண வேண்டுமென்றால், சொல்லில் உள்ள ல எல்லாவற்றையும் ழ ஆக்கிவிடுவார்கள். வெல்லம் தா என்றால் வெறும் கேட்பு. வெழ்ழம் தா என்றால், கண்ணல்லவா, கொடுத்துவிடேன் என்று அர்த்தம். அந்தப் பேச்சில் ங்க கிடையாது, நீங்கள் கிடையாது. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே நூ. மரியாதையே இல்லாத பேச்சு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருந்தது. அந்த மரியாதை ங்கவில் இல்லாமல் ழவில் இருந்தது.

இதெல்லாம் காதில் விழுந்து தெரிந்ததே தவிர எனக்குப் பேச வராது. அதுகள் வேகமாகப் பேசினால் பாதிதான் புரியும். நான் என் பெண்ணிடம் தமிழில் பேசுவேன், அவளும் ராத்திரிச் சோற்றுக்கு வேண்டிய அளவுக்குத் தமிழைப் புரிந்துகொண்டு தலையாட்டுவாள். பதில் லைன் பேச்சில் வரும். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அணை முடிந்தது. தண்ணீரைத் தேக்கினார்கள். வேலை நின்றதும் லைனைப் பிரித்துவிட்டார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றி அடுக்குகிற சத்தத்துக்கு நடுவில் ஒவ்வொரு குடும்பமாக ஒவ்வொரு திக்காகக் கிளம்பியது. என் பெண்ணை இடுப்பில் சுமந்து வளர்த்த அந்தக் கல் உடைக்கிற வீட்டுச் சிறுமி வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு போனாள். என் பெண் வழியில் நின்று, "அக்க ஜா" என்று சொன்னாள். வண்டி நகர்ந்தது. "அக்க ஜாஆ" என்றாள். வண்டி தூரம் போகப் போக இழுப்பும் நீண்டுகொண்டே போயிற்று. வண்டி வளைவில் மறைந்த பிறகும் அவள் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றாள். மூச்சு அற்றுப்போய்த்தான் நிறுத்தினாள். ஊருக்குப் போனால் சரியாகிவிடும், அங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டேன்.

ஊரில் மாமனார் இருந்தார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டை நடத்தியது என் வீட்டுக்காரருடைய அக்கா, எனக்கு நங்கையா. தாலி இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். கைராசிக்காரர், நல்ல மனசு, வாய் மட்டும் என்னைவிட ஒரு பிடி கூடுதல். அப்புறம் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த கொழுந்தனார், அவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பட்டாளம்.

போய் இறங்கிய அன்று மாமனார் முன்கூடமான ஆசாரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசையும் தலையில் உருமாலையுமாக இருக்கிற மனிதரைப் பார்த்ததும் என் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, நேரே ஓடிப்போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாரு, நூ பூவா தின் ஆய், ட்ளக்?" என்றாள்.

தாத்தா, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். வந்ததும் வராததுமாக ஒரு குழந்தை இதைவிட நல்லதாக என்ன கேட்க முடியும்? மாமனார் காதில் விழுந்தது கடைசிச் சத்தம் மட்டும்தான். "என்ன இது, என்னிய மாடாட்டம் ஓட்டுது இந்தப் புள்ள!" என்று முழங்காலை விலக்கிக்கொண்டார். வீடே சிரித்தது. கோபமாகச் சொன்னாரா வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்கு அது போதாதா? அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அவள் பின்னாலேயே ட்ளக் ட்ளக் என்று ஓட்டிக்கொண்டு திரிந்தார்கள். நங்கையா அவளை மடியில் வைத்துக்கொண்டு, "பெரியவங்கள நூ கீன்னு சொல்லக்கூடாது சாமி. சாப்புட்டீங்ளா அப்பாருன்னு கேக்கோணும். எங்க, சொல்லு" என்று ஆசையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அவள் நங்கையாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அவமானமாகப் போய்விட்டது. அவருக்குச் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. கிளம்பும்போது என்னிடம், "இனி அந்தப் பேச்சு இந்த ஊட்ல வேண்டாம். அவ எப்புடிக் கேட்டாலும் நீ தமிழ்லயே பதில் சொல்லு. தானா வந்துரும்" என்றார். நான் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? எனக்குத் தெரிந்ததே தமிழ்தான். அவள் அடுப்படிக்கு வந்து எதையோ கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். மறுபடியும் கேட்பாள், கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் பெரிசாக. நான் மறுபடியும் தமிழில் சொல்வேன். ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ழ போட்டுப் போட்டு எதையோ கெஞ்சினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. "நல்லாச் சொல்லு கண்ணு" என்றேன். முந்தானையை விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடமும் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை.

முதலில் பிடிவாதம் என்று நினைத்தேன். அப்புறம் பயம் வந்தது. கூப்பிட்டால் வருவாள், சொன்ன வேலையைச் செய்வாள், வாய் மட்டும் திறக்காது. நங்கையா வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார், தேன் தடவினார், விபூதி போட்டார். மாதங்கள் போயின. கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டது என் காதுபடவே நடந்தது. அணை நிற்க வேண்டுமென்றால் காவு கொடுப்பார்களாம். மேட்டூர் அணைக்குப் பிள்ளைகளைக் காவு கொடுத்தார்களாம். "உம்பட புள்ள உசுரு தப்பிச்சுருச்சு. நாக்க மட்டும் அது வாங்கிக்கிச்சாட்ட இருக்குது" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"கல்லும் காரையும் போட்டுத்தான் கட்டுனாங்க. நானே சட்டி சட்டியாச் சொமந்து கொட்டுனேன். யாரு நாக்கும் அதுல உழுகல" என்று பொரிந்து தள்ளினேன். பேசிவிட்டேனே தவிர வீட்டுக்கு வந்து அழுதேன். ஊர் முழுக்க ஒன்றையே சொன்னால் மனசுக்குள் அது எப்படியும் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவள் தூங்கும்போது வாயைத் திறந்து நாக்கைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பயம் எனக்கு. என் பெண் ஒரு சொல் பேசினால் போதும், எந்தப் பாஷையிலாவது பேசட்டும், என் மிச்ச ஆயுசு முழுக்க நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று கூட வேண்டிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று புரியும்.

மாமனார் முடிவு செய்தார். அணை வாங்கிய நாக்குக்கு ஈடாக ஊர் அம்மனுக்குக் கிடா கொடுத்து மீட்க வேண்டும். வீட்டுப் பட்டியில் வளர்ந்த கருப்புக் கிடா ஒன்று அதற்கென்று ஒதுக்கப்பட்டது. என் பெண் அதன் பக்கத்தில்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்தபோது அவள் உதடு அசைகிற மாதிரி இருந்தது. நான் ஓடிப்போனேன். என் காலடி கேட்டதும் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் கிடாயைக் கொண்டுபோனதும் வெட்டிவிட மாட்டார்கள். அம்மனிடம் உத்தரவு கேட்க வேண்டும். அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கிடா உடம்பை உதறித் துலுக்கினால் அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள். துலுக்காவிட்டால் ஏதோ குறை இருக்கிறது, வெட்டக்கூடாது. அதற்குச் சில மாதம் முன்னால் கொழுந்தனார் மகனுக்குக் காது குத்தியபோது என் பெண் இதைப் பார்த்திருந்தாள். துலுக்கியதும் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருந்தாள்.

அன்று காலையில் கோயில் முன்னால் ஊரே நின்றது. என் வீட்டுக்காரரும் சேலத்திலிருந்து வந்திருந்தார். பூசாரி வேப்பிலையால் தண்ணீரைத் தெளித்தார். கிடா நின்றது. மாமனார் கை கூப்பிக்கொண்டு, "தாயே, கொறையிருந்தா மன்னிச்சு உத்தரவு குடு" என்றார். மறுபடியும் தெளித்தார்கள். அதன் முதுகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, மயிர்க்கால் அசையவில்லை. இத்தனை பேரும் ஒரு ஆட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த முதுகு நடுங்கினால் அதைப் பேச்சு என்று கை கட்டிக் கேட்பார்கள், என் பெண் வாய்விட்டுக் கேட்டது மட்டும் மாட்டை ஓட்டுகிற சத்தமாகப் போய்விட்டதா என்று மனசுக்குள் கத்தினேன்.

அப்போது என் பெண் பெரியவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து உள்ளே போனாள். கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். மடை திறந்த மாதிரி வந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. உடம்பை ஆட்டாதே ஆட்டாதே என்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. டம் என்று சொன்னபோது இரண்டு கையும் காதுக்குப் போயின. நடுவில் ட்ளக், அப்புறம் இழுப்பு, அப்புறம் ழ ழவாகக் கெஞ்சல். என் பெண்ணின் குரலை எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன்!

"சாமி வந்துருச்சு!" என்று பூசாரி கத்தினார். "அம்மன் எறங்கிப் பேசறா!"

பேசாத பிள்ளை, தெரியாத பாஷையில், கோயில் வாசலில் பேசினால் அவர்களும் வேறு என்னதான் நினைப்பார்கள்? பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார்கள். கற்பூரத்தட்டை அவள் முகத்துக்கு நேரே காட்டினார்கள். நங்கையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "எந்த ஊரு தாயி நீ? என்ன வேணும் உனக்கு?" என்று அழுதார். என் பெண் மிரண்டுபோய் வீறிட்டாள். லைன் பேச்சில் அலறினாள். அலற அலறக் குலவையும் கூடியது. கண்ணைச் சுற்றிச் சுற்றி ஓட்டித் தேடினாள். சுவராக நின்ற ஆட்களுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

நான் உள்ளே பாயப் போனபோது கொழுந்தனார் பெண்டாட்டி என் கையைப் பிடித்தார். "சும்மா இரு. இனி ஒருத்தரும் ஊமைன்னு சொல்ல மாட்டாங்க. ஊரே கால்ல உழுகும்" என்றார். அவர் சொன்னது நிஜம். ஒரு கணம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் சாமி என்று உட்கார வைத்துவிட்டால் அப்புறம் அவள் பசிக்குது என்று சொன்னால்கூட அதற்கும் அர்த்தம் பார்ப்பார்களே தவிர யாரும் சோறு போட மாட்டார்கள். கையை உதறிக்கொண்டு போனேன்.

"சாமி இல்லீங்க! பயந்து அழுவுதுங்க! அது எம் புள்ளைங்க, பேசுதுங்க!" என்று கத்தினேன். குலவை நின்றது. பூசாரி என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். "இது லைன்ல புள்ளைங்க பேசற பேச்சுங்க. அங்க எல்லாப் புள்ளையும் இதத்தான் பேசும். அம்மனுமில்ல, அணையுமில்லீங்க" என்றேன்.

மாமனார் முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. "பேச்சுன்னா, என்ன சொல்லுது? சொல்லு பாக்கலாம்" என்றார்.

"ஆட்ட உட்டுருங்கன்னு கேக்குதுங்க."

"அத்தன நேரம் பேசுச்சே. அதுக்கும் மேல என்ன சொல்லுச்சு?"

"தெரியலீங்க மாமா" என்றேன். "பாதி எனக்கும் புரியலீங்க."

"பெத்தவளுக்கே புரியலயா!" என்றார் அவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அப்புறம் கொஞ்சம் இறங்கிய குரலில், "அப்பறம் என்னத்துக்கு நிக்கற? அதோட பேச்சுலயே கேளு" என்றார்.

அத்தனை பேர் பார்க்க நான் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஈரக் கிடாயைக் கட்டிக்கொண்டு அவள் விக்கிக்கொண்டிருந்தாள். லைனில் காதில் விழுந்த பேச்சை எடுத்தேன். "கண்ணு, நூ... பயம் ஆய்?" என்றேன். கேள்விக்கு நாக்கைத் தட்டினேன், சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது. அவள் விக்கல் நின்றது. என் வாயை உற்றுப் பார்த்தாள். நான் இன்னொரு தரம் முயன்றேன். சொல்லை மாற்றிப் போட்டேன், இழுக்கக் கூடாத இடத்தில் இழுத்தேன், எங்கேயோ ஒரு ழ போட்டேன். எனக்கே தெரிந்தது, உளறுகிறேன் என்று. ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையையும் வரிசை இல்லாமல் கொட்டினேன். அழுதுகொண்டேதான் கொட்டினேன்.

அவள் கிடாயின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். "அம்மா" என்றாள். "உங்களுக்கு இது பேசத் தெரியாதுங்ளா?"

சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். நங்கையா சொல்லிக்கொடுத்த அந்த ங்க, ஒரு பிசகு இல்லாமல். இத்தனை மாதமும் அவள் காதில் விழுந்ததெல்லாம் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. பின்னால் யாரோ, "அம்மாடி!" என்று மூச்சு விட்டார்கள்.

"தெரியாது சாமி" என்றேன். "கொஞ்சந்தான் தெரியும்."

அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "நான் எவ்வளவு கேட்டும் நீங்க அதுல பேசவே இல்லீங்கம்மா. எம்மேல கோவம்னு நெனச்சுட்டனுங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றாள்.

கிடாயைப் பட்டிக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாமனார் பூசாரியிடம் ஏதோ சொல்லிச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்க வந்தார், அவள் வரமாட்டேன் என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் காட்டு வழியாக நடந்தோம். லைன் பேச்சில் அவள் அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் என்னிடம் சொன்னதில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் என்னோடு தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தாள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, பாஷை தெரியாதவர்களிடம் பேசுகிற மாதிரி.